அப்பா அன்ரிக்கு மட்டும் சொல்லச் சொன்னது

அன்ரிக்கு அறுபது வயதாகிறது, வாழ்த்து மலர் ஒன்று போடுகிறோம், உன் பங்குக்குச் சரித்திர வகுப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுது என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். நானும் நான்கு தடவை எழுதத் தொடங்கினேன். ‘எனக்கு உலகத்தைக் காட்டிய அன்ரி’ என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் அடுத்த வரி வருவதில்லை. ஆகவே இது மலருக்கு அல்ல. உடுவில் வீட்டு மண்டபத்தில் என்னோடு ஒரே பாயில் இருந்து படித்தவர்கள் நீங்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

அன்ரியின் மகன், அன்ரியின் மகள், நல்லூரிலிருந்து சைக்கிளில் வரும் டொக்டரின் மகள், நான். இவ்வளவுதான் அந்தப் பள்ளிக்கூடம். உங்கள் மூவருக்கும் அது வீட்டுப் படிப்பு. எனக்கு அது வீடும் இல்லை, நான் அதற்கு முன் கண்ட பள்ளிக்கூடம் போலவும் இல்லை. கனடாவிலிருந்து திரும்பி வந்து சபை நடத்திய பாஸ்டரின் மனைவியான அன்ரி தன் பிள்ளைகளை வெளியே அனுப்ப விரும்பாமல் தானே படிப்பித்தார். அவருடைய குசினியில் என் சித்தி சமைத்தார். சித்தி என்றால் என் அப்பாவின் தம்பியின் மனைவி. வன்னியிலும் முகாமிலும் என் படிப்பு துண்டு துண்டாகிப் போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எட்டு வயதுப் பிள்ளைகளோடுதான் இருத்தலாம் என்று எங்கள் குருநகர்ப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். அப்போதே எனக்கு அந்தத் திமிர் இருந்தது. சித்தி அன்ரியிடம் கேட்டார். அன்ரி, “கூட்டிக்கொண்டு வா, எங்கடை பிள்ளையளோடை இருக்கட்டும்” என்றார். அந்தச் சொல்லுக்காக நான் அவருக்கு இன்றும் கடமைப்பட்டவள். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா ஒன்பது வயதில் கடலுக்குப் போனவர். கையெழுத்தை மட்டும் ஒரு படம் போலப் பழகி வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் சித்தியோடு நடந்து பட்டினத்துக்குப் போய், அங்கிருந்து மினிபஸ்ஸில் உடுவிலுக்குப் போவேன். என் மடியில் கொப்பிகள், சித்தியின் மடியில் மீன் பொதி. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தால் நான் கொப்பியை விரித்து வைத்துக்கொள்வேன், அவர்கள் பார்க்கட்டும் என்று.

அந்த வருடம் நவீன உலக வரலாறு. கப்பலில் வந்த பெட்டியைப் பாஸ்டர் அங்கிள் மண்வெட்டியால் நெம்பித் திறந்தது ஞாபகமா? புத்தகங்களிலிருந்து வந்த வாசனையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. புதுத் தோல் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வேத வசனத்தோடு தொடங்கும். ஒரு கேள்வியோடு முடியும்: இதில் தேவனுடைய கரம் எங்கே தெரிகிறது? அன்ரி ஆங்கிலத்தில் ஒரு பந்தி வாசித்துவிட்டுத் தமிழில் சொல்வார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைப்பார். “இப்ப திருப்பிச் சொல்லுங்கோ.” எழுதக் கூடாது. பார்க்கக் கூடாது. கேட்டதை அப்படியே, தன் வாயால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்ல வேண்டும்.

திருப்பிச் சொல்வதில் என்னை உங்களில் ஒருவரும் வெல்லவில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. எழுதி வைக்கத் தெரியாத வீட்டில் பிறந்தவளுக்குக் காதுதான் கொப்பி. யார் யாருக்கு எவ்வளவு மீன் பங்கு, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போவது, எல்லாம் வாயால்தான் எங்கள் வீட்டில் இருந்தன. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளைப் பற்றி அன்ரி வாசித்தபோது நீங்கள் படத்தைப் பார்த்து வியந்தீர்கள். நான் திருப்பிச் சொல்லும்போது, மழை பெய்தால் உள்ளே எந்த உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்றும் சொன்னேன். புத்தகத்தில் அது இல்லை. அன்ரி திருத்தவில்லை.

மண்டபத்துச் சுவரில் ஆளுயரத்துக்குப் பிறவுண் பேப்பர் ஒட்டிக் காலக்கோடு கீறினோம். கப்பல்கள் புறப்பட்ட நூற்றாண்டு வாசலுக்குப் பக்கத்தில் தொடங்கியது. பசை சித்தி குசினியில் கோதுமை மாவில் காய்ச்சித் தந்தது. எறும்புகள் பிரெஞ்சுப் புரட்சியை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தன. புத்தகத்தின் கடைசிச் சொல்லடைவில் எங்கள் நாட்டைத் தேடினோம். ஒரு வரி.

“நாங்கள் ஒரு வரி. தேயிலைக்கு நாலு வரி” என்றான் அன்ரியின் மகன்.

அவன்தான் இன்னொரு நாள் என்னைச் சீண்டினான். “உங்களைப் போர்த்துக்கேயர் கடற்கரையிலை பிடிச்சு வைச்சு ஞானஸ்நானம் குடுத்தவங்கள்.”

“உங்களை அமெரிக்கன் பிஸ்கற் குடுத்துப் பிடிச்சவன்” என்றேன் நான்.

சைவக் குடும்பத்துப் பிள்ளையான டொக்டரின் மகள், “நல்ல காலம், எங்களை ஒருத்தரும் பிடிக்கேல்லை” என்றாள். அன்ரி சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

கடைசி அத்தியாயம் முடிந்தபோது சுவரில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேப்பர் வெறுமையாகக் கிடந்தது. புத்தகம் எங்கள் காலத்துக்கு வந்து சேரவில்லை. அன்ரி சொன்னார்: “உங்கடை வீட்டிலை ஒருத்தரைக் கேளுங்கோ. உலக சரித்திரத்திலை அவை கண்ணாலை கண்டது என்ன? கேட்டு வந்து திருப்பிச் சொல்லுங்கோ. அதை இதிலை ஒட்டுவம்.”

அன்ரியின் மகன் தன் மாமாவின் கதையைக் கொண்டுவந்தான். அவர் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் போய் அகதியானவர். பிறகு அதே ஊரில் சுவரை உடைத்ததைப் பார்க்கப் போய், ஒரு கல்லைச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தாராம். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பாஸ்டர் அங்கிள்கூட வாசலில் நின்று தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. திருப்பிச் சொல்வதில் முதலாம் ஆள் நான். என் வீட்டில் என்ன இருக்கிறது?

எஞ்சின் பழுதாகி அப்பா கடலுக்குப் போகாத நாட்கள் அவை. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, உலக சரித்திரத்திலை நீங்கள் கண்ணாலை கண்டது ஏதும் சொல்லுங்கோ.”

“உலகமோ? நான் நெடுந்தீவுக்கு அங்காலை போகேல்லை.”

“போகாட்டிலும் பரவாயில்லை. எல்லாற்றை வீட்டிலையும் சரித்திரம் இருக்காம். அன்ரி சொன்னவா.”

“உவா எங்கடை வீட்டுக்கை வந்து பாத்தவவோ?” என்று சிரித்தார். பிறகு மற்றப் பிள்ளைகள் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். நான் பேர்லின் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொன்னேன். அவர் கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“தப்பிப் போன கதை” என்றார். கையிலிருந்த கச்சானை மடியில் போட்டார். “அண்டைக்கு நீயும் வள்ளத்திலை இருந்தனீ. ஞாபகமிருக்கோ?”

யுத்தத்தின் கடைசி நாட்களில் கடல்நீரேரியைக் கடந்ததைத்தான் சொன்னார். அம்மாவின் மடியில் முகம் புதைத்துக் கிடந்த எனக்கு ஒரு நனைந்த பையும் எஞ்சின் சத்தமும்தான் ஞாபகம்.

“உன்ரை சித்தியை முதல் நடையிலை கொண்டுபோய் அங்காலை விட்டிட்டன். ரெண்டாம் நடைக்கு நீ, கொம்மா, வேறை சனம். சித்தப்பா அடையாள அட்டையள் கிடந்த பையை எடுத்துக்கொண்டு வாறன் எண்டு போனவன். நில்லண்ணை எண்டவன். நிண்டனான். செல் விழுது. வள்ளத்துச் சனம் எடு எடு எண்டு குளறுது. வள்ளத்தை எடுத்திட்டன். இருவது பாகத் தூரம் போயிருக்கமாட்டன், திரும்பிப் பாத்தன். கரையிலை நிக்கிறான். கையைத் தூக்கினவன். போ எண்டு காட்டினவனோ, நில் எண்டு காட்டினவனோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது. நான் வள்ளத்தைத் திருப்பேல்லை.”

சித்தியிடம் அப்பா சொல்லி வைத்திருந்தது வேறு. தம்பி கரைக்கே வரவில்லை, வழியில் யாரோ பிடித்திருக்க வேண்டும் என்று. அதை நம்பித்தான் சித்தி மாதத்தில் ஒரு நாள் சித்தப்பாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காணாமற்போனவர்களைத் தேடும் மற்றப் பெண்களோடு வீதியோரம் நின்றார். அதை நம்பித்தான் எங்கள் வளவிலேயே ஒரு கொட்டில் போட்டு இருந்தார்.

“கோயிலிலை சாமியாரிட்டைக்கூட நான் இதைச் சொல்லேல்லை” என்றார் அப்பா. “படிப்புக்கு வேணும் எண்டு கேட்டபடியால் சொன்னனான். உன்ரை ரீச்சருக்கு மட்டும் சொல்லு. படிச்ச ஆள், உள்ளுக்கை வைச்சிருப்பா. சித்திக்குத் தெரியக் கூடாது பிள்ளை. தெரிஞ்சால் அவள் இஞ்சை இருக்கமாட்டாள்.”

இரண்டு நாள் நான் அதை மினிபஸ்ஸில் சித்திக்குப் பக்கத்தில் இருந்து சுமந்தேன். சித்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்து, “ஏன் பிள்ளை பேசாமல் வாறாய், காய்ச்சலோ?” என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாள் அன்ரியிடம் தனியே கதைக்க வேண்டும் என்றேன். புத்தக அலுமாரி இருந்த சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். “அப்பா உங்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னவர்” என்று தொடங்கி, நான் கற்றுக்கொண்டபடி, தொடக்கத்திலிருந்து முடிவு வரை திருப்பிச் சொன்னேன். அன்ரி அழுதார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். மனிதர் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. கதவு சாத்தியிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

குருநகர்க் கத்தோலிக்கப் பிள்ளையான எனக்கு, சாத்திய கதவுக்குள் சொன்னது அங்கேயே முடிந்துவிடும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதைச் சாமியார் தன் முகத்தில்கூடக் காட்டக் கூடாது. அப்பாவும் அந்தக் கணக்கில்தான் சொன்னார். உங்கள் சபையில் அப்படி இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது. உங்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்சி நேரம் இருந்தது. குடியை விட்டவர், விசா கிடைத்தவர், கட்டி கரைந்தவர், ஒவ்வொருவராக எழும்பி எல்லோர் முன்னாலும் சொல்வார்கள். சொன்னால்தான் அது முழுமையாகும். மறைத்தால் தேவனுக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டது போல. அன்ரி கெட்ட மனுசி இல்லை. கேட்ட கதையைச் சாட்சி என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்திருக்கிறேன். ‘மட்டும்’ என்ற சொல் வந்து குறுக்கே நிற்கும்.

அந்த ஞாயிறு, சாப்பாட்டுக்கு வந்திருந்த டொக்டரின் மகளும் சேர, நீங்கள் மூவரும் முன் வரிசையில் இருந்தீர்கள். நான் எங்கள் கோயிலில் காலைப் பூசை கண்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு வேலைக்குச் சித்தியோடு சபைக்கு வந்திருந்தேன். சாட்சி நேரத்தில் அன்ரி மைக்கைப் பிடித்தார். “எங்கடை வீட்டிலை சரித்திரம் படிக்கிற ஒரு பிள்ளை” என்று தொடங்கினார். “கடற்தொழில் செய்யிற ஒரு தகப்பன்” என்றார். “கூடப்பிறந்த தம்பியைக் கரையிலை விட்டிட்டு” என்றார். பெயர் சொல்லவில்லை. பெயருக்கு என்ன தேவை? உங்களில் யாருடைய அப்பா கடலுக்குப் போனார்?

சித்தி பக்கவாசலில் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு நின்றார். கடைசி வரை கேட்டார். ஆமென் சொல்லி முடிந்ததும் வந்து கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒன்றிலும் சிந்தாமல் எல்லோருக்கும் ஊற்றினார். அன்ரிக்கும் ஊற்றினார். வீட்டுக்குத் திரும்பும்போது மினிபஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் போய் இருந்தார்.

அடுத்த நாள் நான் தனியே வந்ததும், அன்ரி உங்களை முற்றத்துக்கு அனுப்பியதும் உங்களுக்குத் தெரியும்.

“அப்பா உங்களுக்கு மட்டும் எண்டெல்லோ சொன்னவர்” என்றேன்.

“நான் பேர் சொல்லேல்லை மகள். எத்தினை பேர் அழுதவை தெரியுமோ? ஒரு அம்மா தன்ரை அண்ணையோடை பத்து வருசத்துக்குப் பிறகு கதைக்கப் போறா. ஒளிச்சு வைச்சால் அது அப்பாவைத் தின்னும். இப்ப அந்தப் பாரம் இறங்கிட்டுது.”

இறங்கவில்லை அன்ரி, சித்தியின் தலையில் ஏறியிருக்கிறது என்ற பதில் எனக்குப் பல வருடம் கழித்து, பல்கலைக்கழக விடுதியில் உடுப்புத் தோய்க்கும்போது வந்தது. அன்று நான் சுவரைத்தான் பார்த்தேன். வெறுமையாக இருந்த அந்த முழத்தில் அன்ரியின் அழகான கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: ‘மன்னிப்பைக் கண்டடைந்த மீனவர்.’ பிடித்து இழுத்தேன். சித்தி காய்ச்சிய பசை கெட்டியானது. பாதி அட்டைதான் கையோடு வந்தது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அன்ரியின் மகன், தன் மாமாவின் கல்லைவிட என் அட்டை சின்னதாகப் போன கோபம் என்று நினைத்தான். “எரிச்சல் பிடிச்சவள்” என்றான். உனக்கு இப்போது சொல்கிறேன், அதற்கு முதல் நாள் வரை அது உண்மை.

நான் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், என் இடுப்பளவு நின்ற பிள்ளைகளோடு கடைசி வாங்கில் இருந்தேன். சிரித்தார்கள். ஒவ்வொரு தவணையும் முதலாவதாக வந்தேன், பிறகு சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இன்று எட்டாம் வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். அன்ரி இல்லாவிட்டால் இது இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த அரைப் பக்கத்தை எழுத முடியாமல் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

அப்பா கதிரையில் இருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். சித்தி வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

“அண்ணை, என்ன நிறச் சேட்டு?”

யாருடைய சேட்டு என்று அப்பா கேட்கவில்லை. யார் சொன்னது என்றும் கேட்கவில்லை. “வெள்ளை” என்றார். “கோடு போட்டது. கை மடிச்சு விட்டிருந்தவன்.”

“காலமை நீலம் போட்டிருந்தவர்” என்றார் சித்தி. “நான் நீலம் எண்டெல்லோ எல்லா இடமும் எழுதிக் குடுத்தனான்.”

காணாமற்போனவர்களுக்கான அந்தப் படிவங்களை நிரப்பியது நான். கடைசியாக அணிந்திருந்த உடை என்ற இடத்தில், எத்தனையோ தடவை, என் உருண்டைக் கையெழுத்தில், நீலச் சேட்டு.

அம்மா அரிசிச் சட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு சித்தி கேட்டார்:

“பிள்ளைக்குச் சொல்லேக்கை அழுதனீங்களாம். முழங்காலிலை நிண்டு ஆண்டவரிட்டை மன்னிப்புக் கேட்டனீங்களாம். பிள்ளையின்ரை ரீச்சரம்மா சொன்னவா. உண்மையோ?”

அப்பா என்னைப் பார்த்தார்.

அப்பா அழவில்லை. முழங்காலில் நிற்கவில்லை. கதையை முடித்துவிட்டு மடியில் கிடந்த கச்சான் கோதுகளைத் தட்டினார், அவ்வளவுதான். அழுததும் மன்னிப்பும் நான் சேர்த்தவை. அந்தச் சின்ன அறையில் அன்ரியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போனபோது, தேவனுடைய கரம் எங்கே என்று அவர் கேட்க முன்னரே பதில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் எல்லாப் பாடமும் அப்படித்தானே முடியும். அப்பாவின் கதை முடியாமல் நின்றது. நான் முடித்து வைத்தேன். அன்ரி மேடையில் சொன்னதில் எல்லோரையும் அழவைத்த இடம் அதுதான்.

அப்பாவுக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதைக் கூட்டிச் சொன்னது. நான் வாயைத் திறந்தேன். அவர் என்னிலிருந்து கண்ணை எடுத்துச் சித்தியைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். “அழுதனான்.”

சித்தி படியில் குந்தினார். அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். சித்தி எங்கள் வளவை விட்டுப் போகவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார். மாதத்தில் ஒரு நாள் வீதியோரம் போய் நிற்கிறார். அழுத மனிதனைத் தன்னால் விட்டுப் போக முடியவில்லை என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னாராம்.

அப்பா என்னை ஏசவில்லை. என் பட்டமளிப்புக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கடைசி வரை நின்றார். நான் வீட்டுக்குப் போனால் கதிரையை இழுத்துப் போட்டு இருத்துவார். காற்று எந்தப் பக்கம் என்று சொல்வார். எஞ்சின் என்ன செய்கிறது என்று சொல்வார். மீன் பட்டதா, படவில்லையா என்று சொல்வார். அதற்குமேல் ஏதும் கேட்டால், அம்மாவைக் கேள் என்பார்.